கிள்ளானில் நிறுத்திய மாத்திரை

எங்கள் ஊரில் மருந்தாளுநர் என்பவர் பெரும்பாலும் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பார். சான்றிதழ் மட்டும் கடைக்கு வந்திருக்கும். ஆள் வேறு எங்கோ பாடம் நடத்திக்கொண்டோ பிள்ளை வளர்த்துக்கொண்டோ இருப்பார். மாதம் பிறந்தால் சட்டத்துக்குள் இருப்பவருக்கு வாடகை போய்ச் சேரும். திருச்சியில் நான் வேலை பார்க்கும் கடையில் சான்றிதழும் நானும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம் என்பதையே சிலர் அதிசயமாகச் சொல்வதுண்டு.

அப்படி உட்கார்ந்திருந்தும் நான் செய்வது என்ன? சீட்டை வாங்கி, மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து, காகிதப் பையில் போட்டுக் கொடுப்பது. இதற்கு நான்கு வருடப் படிப்பு. கடையில் ஒரு மேசை போட்டு, பிரஷர் பார்த்து, யார் எந்த மாத்திரையை எப்படி விழுங்குகிறார்கள் என்று கேட்டு விசாரிக்க விடுங்கள் என்று முதலாளி நாச்சியப்பனிடம் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய பங்காளி சொக்கலிங்கத்துக்கு மலேசியாவில், கிள்ளானில், சொந்தக் கட்டடம். கீழே ஒரு பார்மசி, மாடியில் ஒரு டாக்டரின் கிளினிக். பார்மசி நடத்தும் ரோஸ்லின் என்பவர் கடை மூலையில் பச்சைத் திரை கட்டி நான் கேட்ட அதே காரியங்களைச் செய்கிறார், நல்ல கூட்டம் என்று பங்காளி தொலைபேசியில் பெருமைப்பட்டிருக்கிறார்.

"ரெண்டு வாரம் கூட இருந்து பாத்துட்டு வாம்மா. அங்க சரியா ஓடுதுன்னா இங்கயும் ஒரு மேசை போட்டு உன்னை உக்கார வைக்கிறேன்" என்றார் முதலாளி. மூன்று சேலை, ஒரு வெள்ளைக் கோட்டு, ஊறுகாய் பாட்டில் சகிதம் கிளம்பினேன்.

சுபாங் விமான நிலையத்திலிருந்து ஏறிய டாக்சியில் மீட்டரின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. கேட்டதற்கு ஓட்டுநர், "மீட்டருக்கு இன்னிக்கு லீவு லா, தங்கச்சி" என்றார். திருச்சி ஆட்டோக்காரர்கள் இவ்வளவு மரியாதையாகக்கூடச் சொல்வதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த பெண்கள் விடுதியில் ரோஸ்லின் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் ரயில்வே குடியிருப்பின் ஓட்டுக் கூரைகள். அவற்றில் ஒன்றின் கீழ்தான் அவர் பிறந்து வளர்ந்தாராம். அதற்கு அப்பால், வானத்தில் பாதி ஏறிய நிலையில் இரண்டு கோபுரங்கள், பாரந்தூக்கிகளோடு. தெருமுனைக் கடையில் தோசைக்கு மீன் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டார்கள். முதல் நாள் பதறி மறுத்தேன். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன். கடைக்காரம்மா, "ஊர் மாறுனா நாக்கும் மாறணும் லா" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

வந்து இறங்கிய மறுநாள் காலை நான் ஏறிய கிள்ளான் பஸ், சுபாங் ஜெயாவைத் தாண்டுமுன் நெடுஞ்சாலை ஓரத்தில் புகைவிட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மலாயில் ஏதோ சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: வண்டிக்கு உடம்பு சரியில்லையாம், எம்சி வேண்டுமாம். எம்சி என்பது வேலைக்குப் போகாமலிருக்க டாக்டர் கொடுக்கும் விடுப்புச் சீட்டு என்பதையும் அவளே விளக்கினாள். அது இல்லாமல் இங்கே யாரும் காய்ச்சலில்கூடப் படுக்க முடியாதாம். எங்கள் ஊரில் பாட்டி செத்துவிட்டதாகச் சொன்னால் போதும் என்றேன். "எத்தனை பாட்டி?" என்று கேட்டாள்.

ரோஸ்லினுக்கு நாற்பதை ஒட்டிய வயது. குட்டை முடி, கழுத்தில் மெல்லிய சிலுவை, பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தியாவுல இருந்து இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்று கடையில் இருந்த இரண்டு கிழவர்களிடம் சொன்னார். பிறகு கோப்பி ஊற்றிக் கொடுத்து, நடப்பை நேராகச் சொன்னார். கடையின் வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும்போது பச்சைத் திரை இருக்கலாமா கூடாதா என்று கட்டடக்காரர் சொக்கலிங்கம் சொல்ல வேண்டும். மாடி டாக்டருக்கு அந்தத் திரை பிடிக்கவில்லை. ஆகவே ஒழுங்காக இருக்க வேண்டிய வாரம் இது.

ஒழுங்காகத்தான் இருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் சிறு கருவி. அங்கே சர்க்கரை நோயை இனிப்பு நீர் என்கிறார்கள். ஆஸ்துமாக்காரர்கள் மருந்தை உறிஞ்சும் விதத்தைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பத்துப் பேரில் எட்டுப் பேர் தொண்டைக்குள் அடித்துவிட்டு மூச்சை வெளியே விட்டார்கள். எங்கள் ஊரில் அதே மருந்தை நான் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறேன், ஒருவரையாவது செய்து காட்டச் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதிகம் பேர் வந்தது வேறொன்றுக்கு. அங்கே டாக்டர்களே மருந்தும் கொடுக்கிறார்கள். சின்னப் பிளாஸ்டிக் உறையில் மாத்திரை. உறை மேல் ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. பெயர் எழுதினால் அடுத்த முறை நோயாளி கீழே பார்மசியில் மலிவாக வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே ஆட்கள் உறையை எடுத்து வந்து கண்ணாடி மேசையில் கவிழ்த்து, "அக்கா, இது என்னா?" என்று கேட்டார்கள். ரோஸ்லின் மாத்திரையின் நிறம், வடிவம், அதில் செதுக்கிய எழுத்து எல்லாம் பார்த்துச் சொல்வார். எங்கள் ஊரில் மருந்தின் பெயர் தெரியும், யார் கொடுத்தார் என்று தெரியாது. இங்கே யார் கொடுத்தார் என்று தெரியும், கொடுத்தது என்னவென்று தெரியாது.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் பஸ்ஸில் கண்ணயர்ந்து, கிள்ளானைத் தாண்டி மேரு என்ற இடத்தில் போய் இறங்கினேன். இரு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள், வெயில், டீசல் வாடை. ஒரு சாப்பாட்டுக் கொட்டகையில் லோரி ஓட்டுநர்கள் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வழி கேட்டேன். பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து, பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்து காட்டினார். முனியாண்டி என்று பெயர். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் போகவேண்டிய கடையைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ரோஸ்லின் அக்கா கடையா? நம்ம டாக்டரே அவங்கதான், தங்கச்சி."

சொல்லிவிட்டுத் தந்திக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நடந்தால் கொஞ்ச நாளாக இப்படிக் கிறுகிறுக்கிறது என்றார். கடைக்கு வாருங்கள், அக்கா பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் மதியம் வந்தார். லோரியைச் சாலையோரம் நிறுத்தியிருந்தார். சரக்கோடு துறைமுகத்துக்குப் போகும் வழி. திரைக்குப் பின்னால் ரோஸ்லின் பிரஷர் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மிகவும் இறங்கியிருந்தது. நாடி, அவசரமே இல்லாத ஒருவர் மாடிப்படி ஏறுவது போல அடித்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். முனியாண்டி சட்டைப் பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். ஒன்றில் ரோஸ் நிறம், ஒன்றில் வெள்ளை.

"ரோஸ் கம்பெனி மருந்து. எங்க தவுக்கே, அதான் முதலாளி, ஏற்பாடு பண்ணுன கிளினிக்ல குடுத்தது. வெள்ளை சொந்த மருந்து. மாடி டாக்டர்கிட்ட என் காசுல வாங்குனது."

"ரெண்டையும் ஏன் அங்கிள் சாப்பிடுறீங்க?"

"கம்பெனி மருந்து கம்பெனி வேலைக்கு. சொந்த மருந்து குடும்பத்துக்கு" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

ரோஸ்லின் இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். மாத்திரைப் படங்கள் போட்ட தடித்த புத்தகத்தை விரித்து என் பக்கம் தள்ளினார். நானும் பார்த்தேன். சந்தேகமில்லை. இரண்டும் ஒரே மருந்து. தயாரித்தவர் வேறு, நிறம் வேறு. நாடியைக் குறைக்கும் மருந்தை இரட்டை அளவில் விழுங்கிக்கொண்டு ஒரு மனிதர் பன்னிரண்டு சக்கர லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ரோஸ்லின் அவசரப்படவில்லை. முதலில் மாடிக்குப் போனார். டாக்டர் ஏதோ தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார், மாலைதான் வருவார். கம்பெனி கிளினிக்குக்குத் தொலைபேசினார், யாரும் எடுக்கவில்லை. இது ஒழுங்காக இருக்கவேண்டிய வாரம் என்பது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

"அங்கிள், ரோஸை நிப்பாட்டுங்க. வெள்ளையும் டாக்டரைப் பாத்த பிறகுதான். இன்னிக்கு லோரி எடுக்காதீங்க."

லோரியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் தவுக்கே எம்சி கேட்பாரே என்றார் முனியாண்டி. நீங்கள் கொடுங்கள் என்றார். தன்னால் கொடுக்க முடியாது, டாக்டர்தான் தரவேண்டும் என்று ரோஸ்லின் சொன்னபோது அவரால் அதை நம்ப முடியவில்லை. கண்டுபிடித்தவர் கொடுக்க முடியாதாம், கண்டுபிடிக்காதவர் கொடுப்பாராம், இது என்ன சட்டம் என்று கேட்டார். கடையிலிருந்தே தவுக்கேவுக்குப் போன் செய்து வேறு ஓட்டுநரை வரச்சொல்லிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, மாடிப்படியில் உட்கார்ந்து மாலை வரை எம்சிக்காகக் காத்திருந்தார்.

டாக்டர் வந்தார். பார்த்தார். இரண்டு நாளைக்கு எம்சி எழுதிக் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏன் லோரி எடுக்கவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். முனியாண்டி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோஸ்லின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். பாகற்காய் வறுவல் இரண்டு தரம் வாங்கினார். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கசப்பு ஆகாது என்று ஏதாவது இருக்கிறதா என்றேன். "கசப்பெல்லாம் திங்கக்கிழமைக்கு வச்சிருக்கேன்" என்றார். திங்களன்று கட்டடக்காரர் டாக்டரையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வருகிறாராம். பிறகு இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த மூலை போச்சுன்னா நான் பவுடர் விக்கிறவ மா. ஷாம்பு விக்கிறவ. அதுக்கு என்னாத்துக்கு லண்டன்ல குளிர்ல நடுங்கிப் படிச்சேன்?"

திங்கட்கிழமை சொக்கலிங்கம் வந்தார். விபூதி, வெள்ளை வேட்டிக்குப் பதில் வெள்ளைக் கால்சட்டை, மென்மையான குரல். என்னிடம் ஊர் நலம் விசாரித்தார். டாக்டரும் கத்துகிறவர் அல்ல. அவர் சொன்னதில் பாதி எனக்கு நியாயமாகவே பட்டது. நோயாளியைப் பார்ப்பதற்கு அவர் வாங்கும் தொகையில் நர்ஸ் சம்பளம்கூடத் தேறாது, மருந்தில்தான் கிளினிக் ஓடுகிறது என்றார். அதைவிட முக்கியமாக, அன்று காலை மேருவிலிருந்து ஒரு பெண் அவரிடம் தள்ளாடிக்கொண்டு வந்திருக்கிறாள். இனிப்பு நீர் மாத்திரையைச் சனிக்கிழமையிலிருந்து நிறுத்திவிட்டாளாம். ஏன் என்றால், ரோஸ்லின் அக்கா நிறுத்தச் சொன்னால் உடம்பு நேராகிறது என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்களாம்.

"நான் அந்தம்மாவைப் பாத்ததே இல்ல டாக்டர்" என்றார் ரோஸ்லின்.

"தெரியும். அதான் பயமா இருக்கு."

அறிமுகமில்லாதவர்கள் கேட்டால் முதலில் மாடிக்கு அனுப்புகிறேன், எதையும் மாற்றுமுன் உங்களுக்குத் தெரிவிக்கிறேன், நீங்கள் இல்லாதபோது ஒரு எண் கொடுங்கள் என்று ரோஸ்லின் வரிசையாகச் சொன்னார். நீங்கள் உறையில் மருந்தின் பெயரை மட்டும் எழுதுங்கள், பாதிக் குழப்பம் தீரும் என்றும் சொன்னார். டாக்டர் பெயர் விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை. எண் கொடுப்பதைப் பற்றி யோசித்தார். சொக்கலிங்கமும் தலையசைத்தார். திரை தப்பித்துவிடும் போலிருந்தது. எனக்கு என் திருச்சி மேசைகூடக் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் முனியாண்டி நுழைந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு கட்டு ரம்புத்தான் பழத்தோடு. எம்சி முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். நன்றி சொல்ல வந்திருக்கிறார். ரோஸ்லின் கண்ணால் என்னமோ சொன்னார். அது அவருக்கு எட்டவில்லை. பெரிய மனிதர்கள் இருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

"பாஸ், நீங்கதானே கட்டடக்காரர்? உங்க கடையில கிடக்கறது தங்கம். மாடியில டாக்டர் குடுக்குறாரு, கம்பெனி டாக்டர் குடுக்குறாரு, ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. அக்கா கையில புடிச்சுப் பாத்தாங்க, நிப்பாட்டுங்கன்னாங்க, நிப்பாட்டுனேன். இப்ப மனுசனா நிக்கிறேன். மேரு முழுக்கச் சொல்லிட்டேன், இனி யாரும் மாடி ஏற வேணாம், கீழயே பாத்துக்கலாம்னு."

ரம்புத்தான் கட்டை டாக்டர் முன்னாலேயே மேசையில் வைத்தார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் மாடி டாக்டர்தான் என்பதை அப்போதுதான் கவனித்து, "டாக்டரும் நல்ல மனுசன்தான், எம்சி குடுத்தாரு" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் கும்பிட்டுவிட்டு லோரிக்குப் போய்விட்டார்.

டாக்டர் எழுந்து, "நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் மிச்சமில்ல" என்று படியேறிப் போனார்.

சொக்கலிங்கம் கோப்பியைக் குடித்து முடித்தார். பிறகு அதே மென்மையான குரலில், "மருந்து வித்துக்கோம்மா. அதுக்கு ஒரு தடையும் இல்ல. பாக்கறதை மாடியில பாக்கட்டும்" என்றார். டாக்டர் போய்விட்டால் மாடி காலியாகிவிடும். கட்டடக்காரரின் கணக்கு அது. ரோஸ்லின் வாதாடவில்லை. கிள்ளானில் இன்னொரு கடை பிடித்து, உரிமம் மாற்றி, வாடிக்கை சேர்ப்பதற்குள் பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது? கையெழுத்துப் போட்டார்.

சொக்கலிங்கத்திடம் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "அங்கிள், அந்த லோரிக்காரர் அன்னைக்கு லோரியை எடுத்திருந்தா?"

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "எடுக்கலையே மா."

மறுநாள் திரையைக் கழற்றினோம். துணியைத் துவைத்து மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார் ரோஸ்லின். மேசை இருந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து சத்துப் பானங்களுக்கு அடுக்கு பொருத்திப் போனார். மலிவு விலை அட்டை, பலூன், எல்லாம் தொங்கியது. அந்த வாரம் முழுக்கப் பழைய ஆட்கள் வந்தார்கள். ஆஸ்துமாக்காரக் கிழவர் ஒருவர் நாற்காலி எங்கே என்று தேடினார். அவருக்கு ரோஸ்லின் நின்றபடியே, வாசலைப் பார்த்துக்கொண்டு, மருந்தை விற்றார். கிழவர் வெளியே நின்று தொண்டைக்குள் அடித்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டதை நாங்கள் இருவரும் கண்ணாடி வழியே பார்த்தோம்.

முனியாண்டி ஒரு தரம் வந்தார். திரையைக் காணோமே என்று கேட்டார். இடம் மாற்றிவிட்டோம் அங்கிள் என்றார் ரோஸ்லின். திரை போனது அவரால்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டாம் என்பதில் எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை.

கிளம்பும் நாளில் ரோஸ்லின் தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கும்போது, ஒரு மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி வேலைக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். கடையை வேறொருவருக்குக் கைமாற்றிவிடப் போகிறாராம். டாக்டர்களைப் போய்ப் பார்த்து மாத்திரைகளைப் பற்றி விளக்க வேண்டிய வேலை. "அதே மாடிப்படிதான் ஏறணும். இந்தத் தடவை அவர் உக்காந்து கேப்பாரு, பேனா இலவசமா குடுப்பேன்ல" என்று சிரித்தார்.

திருச்சிக்கு வந்து கடையில் நுழைந்தபோது முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பங்காளி பேசிவிட்டார். நான் பார்த்து வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்: ஆஸ்துமாக்காரர்கள், இரண்டு நிற மாத்திரைகள், நாடி. அவர் பாதியில் கையைக் காட்டினார்.

"அங்க நடந்தது எல்லாம் கேட்டேன்மா. டாக்டர்மாரைப் பகைச்சுக்கிட்டு மருந்துக்கடை நடத்த முடியுமா? மேசை வேணாம். ஒரு எடை மெஷினுக்குச் சொல்லியிருக்கேன். காசு போட்டா சீட்டு வரும். ஜனங்களுக்கும் ஏதோ ஒரு சேவை."

இரண்டு நாளில் மெஷின் வந்தது. சிவப்பு, பச்சை விளக்குகள் சுற்றும். ஏறி நின்றால் எடை சொல்லும், பின்பக்கம் அதிர்ஷ்டமும் சொல்லும். நல்ல கூட்டம். எனக்கும் அதன் மேல் ஒரு புகாரும் இல்லை. அது யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லாது.